பெயர் பிழைத்த கடற்கரை

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பசிபிக் பகுதியைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரங்களைப் புரட்டுகிறவர்களுக்குப் ‘புனா மிஷன்’ என்ற பெயர் பழக்கமானது. தளபதிகளின் தந்திகளிலும், நிருபர்களின் வர்ணனைகளிலும், சேனைகளின் தேசப்படங்களிலும் இடம் பெற்று, 1943-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி அமெரிக்கத் துருப்புகளின் கையில் விழுந்ததாகப் பதிவாகியிருக்கும் அந்த இடத்தில் மெய்யாகவே மிஷன் என்று ஒன்று இருந்ததில்லை. அங்கே இருந்தது ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் ஜில்லா உத்தியோகஸ்தர் ஒருவருடைய கச்சேரியும், அதைச் சார்ந்த சில வீடுகளும், அவற்றைச் சூழ்ந்த தென்னைகளுந்தாம். பாதிரிமார் வாழ்ந்த, பள்ளிக்கூடமும் ஆலயமும் வைத்தியசாலையும் கொண்ட மெய்யான மிஷன், கரையோரமாக வடமேற்கே ஏறக்குறைய 10 மைல் தள்ளிக் கோனா என்னும் இடத்தில் இருந்தது. சிப்பாய்களின் வாயில் பிறந்த இந்தப் பிழையைப் பிற்காலத்து ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியும் பெயர் மட்டும் அழியவில்லை. படங்களில் ஏறிவிட்ட பெயரை இறக்குவது கோட்டையைப் பிடிப்பதைக் காட்டிலும் கடினமான காரியம் போலும்.

ஒரு பெயர்ப் பிழைக்கு இத்தனை விஸ்தாரம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். அந்தக் கடற்கரையின் யுத்த காலத்துக் கதை முழுவதுமே, அங்கே பரம்பரையாக வாழ்ந்தவர்களைக் கேளாமல் வெளியார் வந்து பெயரிட்டதும், தண்டித்ததும், புகழ்ந்ததுமாகிய கதை என்பது என் எண்ணம். அதனால்தான் பெயரிலிருந்து தொடங்கினேன். மராட்டிய நாட்டுப் பூனா நகரத்தோடு இதை மயங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புனா, நியூகினி என்னும் பெருந்தீவின் தென்கிழக்கு வாலில், வடக்குக் கடலைப் பார்த்துக் கிடக்கும் சதுப்பு நிலக் கரையில் இருப்பது. அந்த வாலுக்குப் பாப்புவா என்று பெயர். 1884-ல் பிரிட்டிஷ்காரர் கொடியேற்றி, 1906-ல் ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்துக்கு மாற்றிக் கொடுத்த பிரதேசம் அது.

அந்தக் கரைக்கும் உள்நாட்டு மலைச் சரிவுக்கும் உரியவர்களைப் பொதுவாக ஒரோகைவர் என்று வழங்குகிறார்கள். அவர்கள் ஒரே அரசனுக்கோ ஒரே சபைக்கோ கட்டுப்பட்ட ஜாதியார் அல்லர். சேம்புக் கிழங்கைப் பயிரிட்டு, சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து, ஊருக்கு ஊர் உறவும் பகையும் கொண்டு வாழ்ந்த பல குலத்தார். பாப்புவா அரசாங்கத்தின் மானிட சாஸ்திர நிபுணராக இருந்த எஃப். ஈ. வில்லியம்ஸ் 1928-லும் 1930-லும் இவர்களைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். தங்கம் தேடி யோடா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனவர்களின் வழியாகத்தான் வெளியுலகம் இவர்களிடம் முதலில் பெருவாரியாக வந்தது. அந்த வருகை சாந்தமானதாக இல்லை: 1897-ல் ஜான் கிரீன் என்ற மாஜிஸ்திரேட்டு அந்த வடபகுதியில் கொல்லப்பட்டார், அதன்பின் தண்டனைப் படைகள் போயின. யோடாவுக்கும் கொகோடாவுக்கும் போகும் பாதையின் கடல்வாசலாக அமைந்ததே புனாக் கச்சேரி. பிறகு தலைவரி வந்தது. 1918-ல் வந்த ஒரு சட்டத்தின்படி கிராமத்தார் அரசாங்க மேற்பார்வையில் தென்னை முதலிய பயிர்களை வைத்து, விளைவில் பங்கு பெற வேண்டியவர்களானார்கள். சுமை தூக்குவதும், தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போவதும் அவர்களுடைய வாழ்க்கையின் பாகமாயின. லெப்டினென்ட் கவர்னராக 1908 முதல் 1940 வரை ஆண்ட ஹியூபர்ட் மர்ரே தம் காலத்து அளவுகோலில் தயாளமான ஆட்சியாளர் என்று பெயர் பெற்றவர். ஆனால் தயாளமும் மேலிருந்து கீழே வழங்கப்பட்டதேயன்றிக் கேட்டுப் பெற்றதன்று.

அந்தக் கரையில் வெள்ளைக்காரர்களின் நாட்டத்துக்குரிய சரக்கு தேங்காய். புனாவுக்குக் கிழக்கே துரோப்பா என்ற தோட்டம் கடலை ஒட்டி எண்டயாடேரி முனை வரையில் நீண்டிருந்தது. இன்னும் சில தோப்புகள் ஆங்காங்கே இருந்தன. தேங்காயைக் கீறி உலர்த்திச் சிட்னிக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிய அந்தப் பண்டத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர், மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் காதில் விழுந்து, அவர்கள் வாய்வழியே உலகமெல்லாம் பரவிய நம்முடைய ‘கொப்பரை’தான். தெற்குக் கடலின் எந்தத் தீவில் தோட்ட முதலாளி கணக்கெழுதினாலும் கணக்கின் முதற் சொல் நம் பக்கத்துச் சொல்லாயிருந்தது என்பது ஒரு சிறு வேடிக்கை. அந்தத் தென்னை இந்தக் கதையில் மறுபடி வரும்.

ஆங்கிலிகன் மிஷன் பாப்புவாவின் வடகரையில் 1891-ல் தொகுராவில் காலூன்றியது. கோனாவில் மிஷனை நிறுவிய ஜேம்ஸ் பென்சன் என்ற பாதிரியார், இடையில் பல வருஷம் விலகியிருந்து, யுத்தத்துக்குச் சற்று முன்பு மறுபடி அங்கே வந்து சேர்ந்தவர். அவரோடு மே ஹேமன் என்ற தாதியும், மேவிஸ் பார்க்கின்சன் என்ற உபாத்தியாயினியும் இருந்தனர். சவ்வரிசிப் பனையின் ஓலையாலும் மட்டையாலும் அமைந்த கட்டிடங்கள், குரோட்டன் செடிகள் ஓரங்கட்டிய நடைபாதை, பிள்ளைகள் விளையாடும் திடல், எதிரே கறுத்த மணல், அப்பால் கடல் - கோனாவின் உலகம் அவ்வளவே. உள்நாட்டில் சங்காரா என்னும் இடத்தில் இன்னொரு மிஷன் நிலையமும், ஹிகாதூருவில் ஓர் அரசாங்க நிலையமும் இருந்தன.

1942 ஜனவரி 23-ந் தேதி நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் துறைமுகம் ஜப்பானியர் வசமாயிற்று. ஐரோப்பிய ஸ்திரீகளையும் குழந்தைகளையும் பிரதேசத்தை விட்டு அகற்றும் ஏற்பாடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அந்த மாதக் கடைசியில், ஜனவரி 31-ந் தேதி, அத்தியட்சர் பிலிப் ஸ்ட்ராங் தம்முடைய ஊழியர்களுக்கு ரேடியோ வழியாகப் பேசினார். எது வந்தாலும் நம் ஜனங்களை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். அடுத்த மாதம் நடுவில் பாப்புவாவின் சிவில் நிர்வாகமே ஓய்ந்து, அதிகாரம் ராணுவத்தின் கைக்கு மாறியது. பாதிரிமாரும் தாதிகளும் உபாத்தியாயர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இந்தக் கட்டளையைப் பின்னால் பலர் கண்டித்திருக்கிறார்கள். பிறரை மரணத்துக்கு முன் நிறுத்த ஓர் அத்தியட்சருக்கு என்ன உரிமை என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் அவரும் தம் இடத்தை விட்டு ஓடவில்லை என்பதையும், அந்த வருஷம் ஏப்ரல் மாதம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தவுடன் மூட்டை முடிச்சுகளோடு சென்னையைக் காலி செய்துகொண்டு புறப்பட்ட நம்மவர்களின் ஜனத்திரளையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால், ஓடுவதும் நிற்பதும் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்லத்தக்க விஷயங்கள் அல்ல என்பது விளங்கும்.

ஜூலை 21-ந் தேதி மாலையில் கோனாவுக்குக் கிழக்கே பாசபுவா என்னும் இடத்தருகே ஜப்பானியக் கப்பல்கள் வந்து நின்றன. யோகோயாமா என்ற கர்னலின் தலைமையில் முன்னணிப் படையும், அதனோடு ரபாவுல் பக்கத்திலிருந்து சுமை தூக்குவதற்காகக் கொண்டு வரப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட சுதேசிகளும் இறங்கினார்கள். மறுநாள் நேச நாட்டு விமானங்களின் தாக்குதலுக்கு இரையான அயதோசன் மாரு என்ற கப்பல் கோனாவுக்கு எதிரே கடலில் சாய்ந்து கிடந்து, அதன்பின் நெடுங்காலம் அந்தக் கரைக்கு ஓர் அடையாளக் குறியாயிற்று. பென்சனும் இரண்டு பெண்களும் கப்பல்களின் பீரங்கி முழக்கத்தைக் கேட்டுக்கொண்டே காட்டுக்குள் புகுந்தார்கள். சில வாரங்கள் உள்ளூரார் சிலர் மறைத்துவைத்து உணவளித்தார்கள். பின்பு, முன்னணியிலிருந்து சிதறி வந்த சில நேச நாட்டுச் சிப்பாய்களோடும் விமானிகளோடும் சேர்ந்து தெற்கே தப்ப முயன்றபோது ஜப்பானியரின் தாக்குதலுக்கு உள்ளாகி எல்லோரும் பிரிந்தனர். பென்சன் காட்டில் வழி தப்பித் திரிந்து, இறுதியில் தாமாகவே சரணடைந்து, ரபாவுலுக்குக் கொண்டுபோகப்பட்டு, யுத்தம் முடியும் வரை கைதியாயிருந்து பிழைத்தார். இரண்டு பெண்களும் பிடிபட்டு, ஆகஸ்டு மாதத்தில் பொப்பொன்டெட்டாவுக்கு அருகே துப்பாக்கிச் சனியனால் குத்திக் கொல்லப்பட்டனர்.

சங்காராவிலிருந்து புறப்பட்ட கூட்டத்தின் கதி இன்னும் சிக்கலானது. விவியன் ரெட்லிக் என்ற இளம் பாதிரியார், ஜப்பானியர் வந்திறங்கிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆபத்து அருகில் இருக்கிறது என்று தெரிந்தும், கூடியிருந்த ஜனங்களுக்காகத் திருவிருந்து ஆராதனையை நடத்திவிட்டுத்தான் அவ்விடம் விட்டுப் பெயர்ந்தார். ஹென்றி ஹாலண்டு, ஜான் டஃபில், மார்ஜரி பிரெஞ்ச்லி, லில்லா லாஷ்மர் ஆகியோர் அவருடன் இருந்தவர்கள். அவர்களை ஒரோகைவர் சிலர் பிடித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். புனாக் கடற்கரையில் அவர்கள் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள் என்பது திருச்சபையில் வழங்கிவரும் மரபு. அதே கூட்டத்தோடு, போகச் சொல்லியும் போகாமல், கூடவே நடந்தவர் லூசியன் தப்பியேடி என்ற இருபது வயதுப் பாப்புவ உபாத்தியாயர். வழியில் ஓர் ஓடைக்கருகில் அவரைக் கொன்றவர் ஜப்பானியர் அல்லர். ஹிவிஜாபா என்ற ஒரோகைவர்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான நூல்கள் அவசரப்படுகின்றன. ‘துரோகம்’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு அப்பால் போய்விடுகின்றன. துரோகம் என்றால் முன்பு ஒரு விசுவாசம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு வெள்ளைக்காரர் வந்து நாற்பது சில்லறை வருஷமே ஆகியிருந்தது. தண்டனைப் படையில் தகப்பனை இழந்த பிள்ளைகள் இன்னும் உயிரோடிருந்தார்கள். வரியும் சுமையும் நித்திய அநுபவம். நேற்று வரை அசைக்க முடியாதவர்களாகத் தோன்றிய எஜமானர்கள் ஒரே இரவில் கச்சேரியைக் கைவிட்டுக் காட்டுக்குள் ஓட, கடல் நிறையக் கப்பல்களோடு வேறு எஜமானர்கள் வந்து நிற்கும்போது, தம் ஊரையும் பெண்டு பிள்ளைகளையும் காத்துக்கொள்ள எந்தப் பக்கம் சாய்வது என்று ஒரு கிராமத் தலைவன் கணக்குப் போட்டான் என்றால், அந்தக் கணக்கை உலகத்தில் எந்த ராஜ்யம் போடவில்லை? தப்பியேடி வேறு கரையில், மில்ன் வளைகுடாப் பக்கத்துத் தௌபோட்டாவில் பிறந்தவர். ஹிவிஜாபாவின் கண்ணுக்கு அவரும் ஓர் அந்நியரே. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. காட்டில் அடைக்கலம் கொடுத்தவர்களும், காட்டிக் கொடுத்தவர்களும் ஒரே மொழி பேசிய அண்டை ஊரார் என்பதை மறந்தால் இந்தச் சரித்திரமே விளங்காது என்று மட்டும் சொல்கிறேன்.

ஜப்பானியர் கொகோடா வழியாக மலைத் தொடரைத் தாண்டித் தெற்கே மோர்ஸ்பித் துறைமுகத்துக்கு முப்பது மைல் வரை நெருங்கியதும், சாலமன் தீவுகளின் குவாதல்கனாலில் ஏற்பட்ட நெருக்கடியால் செப்டம்பரில் திரும்ப அழைக்கப்பட்டதும், நவம்பரில் அவர்கள் தளபதி ஹோரி தோணியில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு மாண்டதும் தனிக் கதை. எஞ்சியவர்கள் இறங்கிய கரைக்கே திரும்பி, கோனா, சனனந்தா, புனா என்ற மூன்று புள்ளிகளில் வேரூன்றி நின்றார்கள். கோனாவை ஆஸ்திரேலியரும், புனாவை அமெரிக்காவின் 32-வது டிவிஷனும் எடுக்க வேண்டுமென்று ஏற்பாடு. எதிரி சொற்பமானவன், களைத்தவன், இரண்டொரு நாளில் ஓடிவிடுவான் என்று மேலிடத்தார் கணக்கிட்டார்கள்.

கோனாவை நவம்பர் 19-ந் தேதி முதலில் அணுகிய பிரிகேட், மலைப்பாதை யுத்தத்தில் ஏற்கெனவே தேய்ந்து போனது. அது மோதிச் சலித்த பிறகு மாதக் கடைசியில் 21-வது பிரிகேட் வந்தது. இந்த பிரிகேடின் மனநிலை ஒன்றை இங்கே சொல்லாமல் போவதற்கில்லை. நவம்பர் 9-ந் தேதி கொய்தாக்கி என்ற இடத்தில் அணிவகுத்து நின்ற இவர்கள் முன்னிலையில் பேசிய பிரதம சேனாபதி பிளேமி, ஓடுகிற முயல்தான் சுடப்படும் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். பன்மடங்கு பெரிய எதிரியை மலையில் வாரக்கணக்காகத் தடுத்து நின்றவர்களுக்கு அது கோழைப் பட்டமாகக் காதில் விழுந்தது. கோனாவில் சமதரையில், இடுப்பளவு புல்லுக்கிடையே, காணக் கிடைக்காத இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி அவர்கள் மறுபடி மறுபடி நடந்து சென்று மாண்டதற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம் என்று அன்று முதல் பலர் எழுதிவருகிறார்கள். ஒரு தளபதியின் நாக்குக்கு எத்தனை உயிர் விலை என்று அளக்கும் தராசு எங்கும் இல்லை.

கடைசியில் 39-வது பட்டாலியனை நடத்திய ரால்ஃப் ஹானர் டிசம்பர் 8-ந் தேதி ஒரு துணிகரமான யுக்தியைக் கையாண்டார். மண்ணுக்குள் புதைந்து சற்றுத் தாமதித்து வெடிக்கும்படி பீரங்கிக் குண்டுகளை அமைத்து, அவை விழுந்து கொண்டிருக்கும்போதே தம் ஆட்களை முன்னேறச் செய்தார்; எதிரி தலை நிமிர்வதற்குள் அவர்கள் அரணுக்குள் இருந்தார்கள். மறுநாள் கோனா கைப்பட்டது. ‘கோனா’ என்ற பெயரையும் ஆங்கிலத்தில் ‘போயிற்று’ என்னும் சொல்லையும் சேர்த்துச் சிலேடையாக ஹானர் அனுப்பிய இரண்டே சொற் செய்தி பிரசித்தமானது. உள்ளே நுழைந்தவர்கள் கண்ட காட்சியைப் பற்றி அவர்களே பிற்பாடு அதிகம் பேசவில்லை. ஜப்பானியர் தம்மில் மாண்டவர்களைப் புதைக்க இடமின்றி அவர்களையே அரணின் மேடாக அடுக்கி, துர்நாற்றம் தாளாமல் விஷப்புகைக் கவசங்களை மாட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியர் அங்கே புதைத்த ஜப்பானியச் சடலங்கள் 638. பிள்ளைகள் விளையாடிய திடலும் ஓலை வேய்ந்த கட்டிடங்களும் இருந்த இடம், குண்டுக் குழிகளில் உப்புத் தண்ணீர் தேங்கிய மைதானமாயிருந்தது.

இனித் தென்னைக்கு வருவோம். அந்தக் கரையில் மூன்றடி தோண்டினால் நீர் ஊறிவிடும். ஆகையால் பதுங்கு குழி வெட்ட இயலாத ஜப்பானியர், நிலத்தின் மேலேயே அரண்களைக் கட்டினார்கள். தோட்டத்துத் தென்னைகளை வெட்டித் துண்டாக்கிச் சுவரும் கூரையுமாக அடுக்கி, இடையிடையே மணல் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பாய்களை வைத்து, மேலே மண்ணைக் கொட்டி, புல்லும் ஓலையும் பரப்பிவிட்டார்கள். சில வாரங்களில் செடிகொடி முளைத்து, பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் மேடா அரணா என்று தெரியாமலாயிற்று. தென்னங்கட்டையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேக்கைப் போல் பிளவாது, நார் நாராக நெகிழ்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். சிறு குண்டுகள் அதில் பதிந்து நின்றனவேயன்றித் துளைத்துச் செல்லவில்லை. தோட்டத்து மரங்கள் வரிசை பிடித்து நின்றமையால் அரணுக்குள் இருந்தவன் பார்வைக்கு நெடுந்தூரம் தடையே இல்லை. அமெரிக்கர் கனரகப் பீரங்கிகள் இல்லாமலே இந்த அரண்களின் மேல் ஏவப்பட்டார்கள். டிசம்பர் 5-ந் தேதி முன் சென்ற, பிரென் என்னும் இயந்திரத் துப்பாக்கி ஏற்றிய ஐந்து வண்டிகளும் அரை மணிக்குள் நாசமாயின.

தென்னைக்குத் தேரோட இடம் விட வேண்டும் என்பது நம் நாட்டுக் குடியானவனின் கணக்கு. துரோப்பாத் தோட்டத்தை நட்டவர்களும் தாராளமாகவே இடம் விட்டிருந்தார்கள். டிசம்பர் 18-ந் தேதி காலையில் அந்த இடைவெளியில் ஓடியவை ஸ்டூவர்ட் டாங்கிகள். அவற்றின் பின்னால் ஆஸ்திரேலிய 2/9-வது பட்டாலியனார் வரிசையாக நடந்தார்கள். டாங்கி அரணின் வாய்க்கு அருகில் போய் நின்று சுட, கூட வந்தவர்கள் துவாரத்தின் வழியே குண்டுகளை உள்ளே எறிந்தார்கள். ஒரு மாதமாக அசையாத எண்டயாடேரி முனை அன்று மாலைக்குள் விழுந்தது. அந்தப் பட்டாலியனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அந்த ஒரே நாளில் மாண்டோ காயமடைந்தோ போனார்கள். பதினைந்து நாள் கழித்து, ‘மிஷன்’ என்று பெயர் பெற்ற கச்சேரி வீழ்ந்தது. சனனந்தா சதுப்பில் சண்டை ஓய்ந்தது ஜனவரி 22-ந் தேதி.

குண்டைக் காட்டிலும் கொசு அதிகம் பேரை வீழ்த்தியது. ஜாவாத் தீவு பறிபோனதோடு கொயினா மருந்தின் ஊற்றும் எதிரி வசமாகியிருந்தது. 10,825 பேர் கொண்ட அமெரிக்கப் படையில் நோய்வாய்ப்பட்டவர்கள் மட்டும் 7,125. நவம்பர் 30-ந் தேதி மோர்ஸ்பித் துறைமுகத்து மாளிகைத் தாழ்வாரத்தில் ஐக்கல்பர்கர் என்ற ஜெனரலை அழைத்து, புனாவைப் பிடி, இல்லையேல் உயிரோடு திரும்பாதே என்று உத்தரவிட்ட நேச நாட்டுத் தலைமைத் தளபதி மக்கார்தர், எல்லாம் முடிந்த ஜனவரி இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், அவசரம் எதுவும் இருக்கவில்லை, ஆகையால் உயிர்ச் சேதம் மிகக் குறைவு என்று எழுதச் செய்தார். இதைப் படித்த ஐக்கல்பர்கரின் மனம் கசந்தது இயல்பே. போர்க்களத்துக்கு ஒருமுறைகூட வராத தளபதிக்குக் களம் அமைதியாகத்தான் தோன்றும்.

ஜப்பானியர் போனார்கள், கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. 1943-ல் ஆஸ்திரேலிய ராணுவ நிர்வாகம், மிஷன் ஊழியர்களையும் மற்றவர்களையும் காட்டிக் கொடுத்ததாகவும் கொன்றதாகவும் குற்றஞ்சாட்டி, எம்போகி என்பவர் உட்பட இருபதுக்குக் குறையாத ஒரோகைவர்களை ஹிகாதூருவில், சுற்றுப்புறத்து ஜனங்களைக் கூட்டி வைத்து அவர்கள் கண் முன்னே தூக்கிலிட்டது. அதே நிர்வாகந்தான் 1942 ஜூன் மாதத்து உத்தரவின்படி பாப்புவர்களைக் கட்டாயமாகச் சுமைவேலைக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஊரில் அண்ணன் தூக்கு மரத்திலும் தம்பி காயம்பட்ட சிப்பாயின் தூளிக் கட்டிலைச் சுமந்தும் நிற்கக்கூடிய காலம் அது. சிட்னிப் பத்திரிகைகளில் பாப்புவர்கள் சுருள்முடித் தேவதூதர்களாகக் கொண்டாடப்பட்டார்கள். தேவதூதர்களுக்குக் கூலி என்ன என்று விசாரித்தவர் சிலரே.

இதன் பின்னுரையை மனிதர் எழுதவில்லை. 1951-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், எரிமலை என்றே வெள்ளைக்காரர் அறிந்திராத லாமிங்டன் மலை வெடித்து, ஹிகாதூரு நிலையத்தையும் சங்காரா மிஷனையும் ஒரோகைவரின் பல ஊர்களையும் அழித்தது. மாண்டவர்கள் ஏறக்குறைய 3,000. பிழைத்தவர்களிடையே பேசிய ஆராய்ச்சியாளர்கள், இது ஏன் நேர்ந்தது என்பதற்கு இரண்டு வகையான விடைகளைக் கேட்டார்கள். மிஷன் ஊழியரைக் கொன்றதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார் சிலர். ஹிகாதூருவில் நம்மவரைத் தூக்கிலிட்டதற்கு மலை கேட்ட பழி என்றார் வேறு சிலர். பூமி சாஸ்திரம் இரண்டையும் ஒப்பாது. ஆனால் அந்த யுத்தத்தைப் பற்றி அந்த மண்ணின் ஜனங்கள் தாமாகச் சொன்ன தீர்ப்பு என்று ஒன்று உண்டானால், ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரண்டு வாக்கியங்களே அது. எனக்குக் கிடைத்த எந்தத் தளபதியின் அறிக்கையிலும் இத்தனை நேர்மை இல்லை.

பென்சன் விடுதலையாகிக் கோனாவுக்கே திரும்பினார். அவருடைய சிறைவாச நூல் 1957-ல் வெளிவந்தது. ஹிவிஜாபா பிற்பாடு ஞானஸ்நானம் பெற்று, தாம் கொன்றவருடைய பெயராகிய லூசியன் என்பதையே தம் பெயராக ஏற்று, எம்பி என்ற இடத்தில் அவர் நினைவாக ஓர் ஆலயம் கட்டினார். இருபதாம் நூற்றாண்டின் இரத்தசாட்சிகள் பதின்மருக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய முகப்பில் 1998-ல் வைத்த சிலைகளில் தப்பியேடியின் உருவமும் ஒன்று. புனாவுக்குத் தெற்கே புல்வெளியில் யுத்தத்துக்காக அமைத்த தொபோதுரா ஓடுபாதைகளில் ஒன்றுதான் இன்று பொப்பொன்டெட்டா நகரத்து விமான நிலையம்.

அந்தக் கரையிலிருந்து உலகத்துக்குப் போன படங்கள் இரண்டு. மணலில் பாதி புதைந்து மாண்டு கிடக்கும் மூன்று அமெரிக்கர்களை ஜார்ஜ் ஸ்ட்ராக் பிடித்த படத்தைத் தணிக்கையாளர் பல மாதம் தடுத்து வைத்து, 1943 செப்டம்பர் 20-ந் தேதி ‘லைஃப்’ பத்திரிகையில் வெளியிட விட்டார்கள். 1942-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் ஜார்ஜ் சில்க் எடுத்த மற்றொன்றில், கண்களில் கட்டுப்போட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைப் பாப்புவர் ஒருவர் கைத்தாங்கலாகப் புல்வெளியினூடே நடத்திச் செல்கிறார். சிப்பாயின் பெயர் ஜார்ஜ் விட்டிங்டன். அவர் அந்தக் காயத்திலிருந்து தேறி, 1943 பிப்ரவரியில் உண்ணிக் காய்ச்சலால் இறந்தார். கூட நடந்தவரைப் பல வருஷ காலம் படத்தின் அடியில் வெறும் ‘சுதேசி’ என்றே அச்சிட்டு வந்தார்கள். அவர் பெயர் ரஃபேல் ஒயிம்பாரி, ஊர் ஹனாவ்.